பந்த் அன்று ஓடிய பஸ்

வேண்டிய அளவுக்கு மேலாகவே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எட்டு வருடம். தக்கலை ஸ்டுடியோ தாசையன் இறந்துபோனார் என்ற செய்தி வந்திராவிட்டால் இன்னும் எட்டு வருடம்கூட இருந்திருப்பேன். அதற்கும் எனக்குத் திராணி உண்டு.

செய்தி நமது பூச்சி நண்பர்கள் வட்டத்தின் குழுவில்தான் வந்தது. நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். தாசையன் காலையில் மாரடைப்பில் காலமானார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று இரண்டு வரி. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். பத்தாவதோ பதினொன்றாவதோ ஆளாக நம் தலைவர் டாக்டர் எழுதியிருந்தார்: ‘நல்ல கலைஞர். அந்த ஒரு வண்டுப் படம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.’ அந்த வரிக்கும் நான்கு பேர் கைகூப்பியிருந்தீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். நான் மறக்கிற ஆள் இல்லை.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வெளியே வந்து தக்கலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பல் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வட்டத்தில் பின்னால் சேர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வண்டுக்கு இல்லாத முள்ளை வரைந்து வைத்த ஸ்டுடியோக்காரர் என்கிற கதை மட்டும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

2005 வாக்கில் ஒரு விண்ணப்பத்துக்குப் படம் எடுப்பதற்காக அவருடைய ஸ்டுடியோவுக்குப் போனேன். நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவன். அந்த விண்ணப்பம் துறைத்தலைவர் பதவிக்கானது. அது யாருக்குக் கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று இங்கே எழுதப்போவதில்லை; எழுதினால் இது இரங்கல் கட்டுரையாக இருக்காது. மாடியில், மணப்பெண்களின் படங்களுக்கு நடுவே, காலண்டர் அளவில் ஓர் ஈயின் தலை மாட்டியிருந்தது. கண்ணின் ஒவ்வொரு கட்டமும், பின்கழுத்தின் கடைசி மயிர்வரைக்கும், துலக்கமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கிட்டத்தில் போனால் லென்ஸுக்குத் தெளிவாகத் தெரிவது ஒரு மயிரிழை கனம்தான். கண்ணைப் பிடித்தால் கழுத்து புகைந்துபோகும்; கழுத்தைப் பிடித்தால் கண் போய்விடும். இப்படி ஒரு படம் எடுக்கவே முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

“ஒரு படம் இல்ல சாரே,” என்றார். “அறுவத்தி மூணு.”

“அறுபத்து மூன்றா?”

“சக்கைப்பழத்தை முழுசாட்டு விழுங்க முடியுமா? சொளை சொளையாத்தான் எடுக்கணும். பொறவு சேத்து வைக்கணும். நேராப் பாருங்க, மோறைய அனக்காதிய.” முகத்தை அசைக்காதீர்கள் என்ற அந்தக் கடைசி வாக்கியம் என் விண்ணப்பப் படத்துக்கானது. அந்தப் படத்தில் நான் வாயைத் திறந்தபடி இருக்கிறேன்.

அவர் வேலை செய்த முறையை எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரன் இவ்வளவு சிரமப்பட மாட்டான். தச்சன் செய்து கொடுத்த கனத்த மேசை. அதன்மேல் ஒரு தண்டவாளம்போல இரும்புச் சட்டம், அதில் கேமரா. மார்த்தாண்டத்தில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கிய திருகைக் கோடு பார்த்துத் திருப்பினால் கேமரா ஒரு மயிரிழை முன்னே போகும். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருப்பார். அப்போதுதான் சிறியது பெரிதாகத் தெரியும். பூச்சி ஒரு காகிதக் கோப்பைக்குள் இருக்கும், வெளியிலிருந்து இரண்டு மேசை விளக்கு. நேராக வெளிச்சம் விழுந்தால் வண்டின் முதுகு எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னும், கோப்பைத்தாளில் வடிகட்டி வந்தால் பதமாக இருக்கும். ஒரு கோடு திருகு, காத்திரு, அழுத்து. மறுபடி ஒரு கோடு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை இடதுபக்கத் தகர டப்பாவிலிருந்து வலதுபக்க டப்பாவுக்கு மாற்றுவார். கேமராவே எண்ணும், கொட்டை எதற்கு என்றேன். “கேமராவுக்கு எண்ணத் தெரியும். யாரு எடுத்ததுன்னு தெரியாது,” என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

பெரிய தொல்லை பஸ்தான். ஸ்டுடியோ இருந்தது திருவனந்தபுரம் சாலையின்மேல். ஒவ்வொரு பஸ் போகும்போதும் மாடி நடுங்கும். மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருப்பார்; தண்ணீரின் மேல்தோல் அசைந்து அடங்கும்வரை, கேமராவிலிருந்து கம்பி இழுத்து மேசைமேல் வைத்திருந்த பொத்தானை அழுத்த மாட்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“சாரே, மூச்சு. வண்டு பறந்துரும்.”

“செத்த வண்டு எப்படி அண்ணே பறக்கும்?”

“ஒங்க மூச்சுக்கு யானையே பறக்கும்.”

செத்த வண்டுதான், ஆனால் கொன்ற வண்டு இல்லை. அதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. பூச்சியைப் பிடித்து மருந்துக்குப்பியில் போடுவது என் படிப்பு. அவர் அறைக்குள் அந்தக் குப்பியைக் கொண்டுவர விடமாட்டார். “கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போறவன் மாப்பிளையைக் கொன்னுட்டா எடுப்பான்?” என்பார். தானாகச் செத்துக் கிடப்பவைதான் அவருக்கு வேண்டும். ட்யூப்லைட்டுக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், சிலந்திவலையில் கிடைத்தவை. அவருடைய மனைவி லீலாபாய் அக்கா சர்ச்சைக் கூட்டும்போது கிடைப்பதைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்.

எடுத்து முடித்தால் பாதி வேலைகூட ஆகவில்லை என்று அர்த்தம். அத்தனை படங்களையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துத் தைத்துக் கொடுக்கும். அதை அவர் நம்பமாட்டார். மயிரைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்திருக்கும். மீசை இரண்டாகத் தெரியும். அவர் மூலப்படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார், எந்த இடம் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தேடி, சரியான படத்திலிருந்து எடுத்து ஒட்டுவார். வரைய மாட்டார். ஒரு புள்ளிகூட. “மணப்பொண்ணுக்கு மரு எடுப்பேன், அவ கேக்குதா. பூச்சி கேட்டுதா?” என்பது அவர் வாக்கு. பின்னால் அவரைப் பார்த்துச் சிரித்த நம் ஆண்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

சரி, வண்டு.

ஓர் அயனி மரத்தின் பட்டையில் கிடைத்தது. கூன்வண்டு, நொய்யரிசி அளவு, செத்து இரண்டு நாள் இருக்கும். பின்தொடையில் ஒரு முள். எனக்குத் தெரிந்த எதோடும் அது ஒத்துப்போகவில்லை. பதவி கிடைக்காதவனுக்கு ஒரு வண்டாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். தாசையனைக் கூப்பிட்டேன். அவர் குரலில் பண்டிகை.

“சாரே, நாளைக்குப் பந்தாக்கும். கேட்டியளா? ஒரு பஸ்ஸு ஓடாது. வண்டை எடுத்துட்டு வாருங்க.”

ஊரே பந்த் என்றால் சலித்துக்கொள்ளும். அவருக்கு அது கிறிஸ்துமஸைவிடப் பெரியது. நான் ஸ்கூட்டரில் உள்வழியாகப் போய்ச் சேர்ந்தேன். சாலையில் நாய்கள் படுத்திருந்தன. டம்ளர் தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் நின்றது. பத்து மணிக்குத் தொடங்கினோம். நாற்பத்தொரு படம் ஆனதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடை எதுவும் கிடையாது. பின்பக்கம் இருந்த வீட்டிலிருந்து சாயா வாங்கிவரக் கீழே போனார்.

நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்கால் ஒன்று சற்று உள்வாங்கி மடங்கியிருந்தது. எங்கள் படிப்பில் முதல் மாதமே கற்றுத்தருவது பூச்சியின் கால்களை ஒழுங்காக விரித்துவைப்பது. இருபது வருடம் மாணவர்களின் கையைத் தட்டித் தட்டி அதைச் சொல்லியிருக்கிறேன். மடங்கிய காலைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்து அந்தக் காலை வெளியே இழுத்துவிட்டேன். மிகக் கொஞ்சம். அப்போது என் முழங்கை மேசைமேல் கிடந்த பொத்தானில் பட்டது. கேமரா ‘க்ளிக்’ என்றது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் சாயாவோடு வந்தார். கொட்டையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

“சாரே, கேமரா ஒண்ணு கூடுதலாட்டு காட்டுதே.”

“நீங்கள் கொட்டை மாற்ற மறந்திருப்பீர்கள்.”

என்னைப் பார்த்தார். நான் சாயாவைப் பார்த்தேன். ஒரு கொட்டையை எடுத்து வலது டப்பாவில் போட்டார். “ஓ, மறந்திருப்பேனாயிருக்கும்,” என்றார்.

தொண்ணூற்றொன்றில் முடிந்தது. இரண்டு நாள் கழித்துத் தருகிறேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே கணினியில் போட்டுத் தைக்கச் சொன்னேன். கூடுதலாக வந்த அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தைத்தார். திரையில் வண்டு வந்தபோது தொடையில் ஒரு முள் இல்லை, இரண்டு முள். ஒன்றையொன்று ஒட்டி, அச்சில் வார்த்ததுபோல. நான் எழுந்து நின்றுவிட்டேன். “சாரே, இதுக்கு நான் பிசிறு பாக்கல, கேட்டியளா,” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். படத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மாதிரி வண்டு மேசையிலேயே அட்டையில் கிடந்தது. மறுநாள் காலையில் அதை எறும்பு தூக்கிப்போயிருந்தது. அவர் அதைக் கவனமில்லாமல் வெளியே விட்டுவிட்டார் என்று உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். “டப்பாவில வச்சிட்டுப் போங்க சாரே” என்று அவர் படியிறங்கும்போது கத்தியதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் போன் செய்தார். நான் அதற்குள் படத்தோடு கட்டுரையை ஓர் அருங்காட்சியக நிபுணருக்கு அனுப்பியிருந்தேன்.

“சாரே, படம் ஒவ்வொண்ணாப் பாத்தேன். நாப்பத்தொண்ணு வரைக்கும் கால் ஒரு எடத்துல நிக்குது, பொறவு வேற எடத்துல நிக்குது. முள்ளு ஒண்ணுதான். ரெண்டு எடத்துலயும் எடுத்ததுனால ரெண்டாட்டு வந்திருக்கு. நான் சாயாவுக்குப் போனப்ப ஒங்க கை பட்டுதா?”

“இல்லை.”

 “செரி சாரே,” என்று வைத்துவிட்டார்.

நிபுணரின் பதில் வட்டத்தின் முகவரிக்கு வந்தது, இரண்டு வரி. இரண்டாவது முள் படம் சேர்த்ததில் வந்த பிழைபோலத் தெரிகிறது, மாதிரியை அனுப்பவும். அதை நம் ஆண்டுக் கூட்டத்தில் டாக்டர் சத்தமாக வாசித்தார். வாசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், “மூடின கண்ணை ஆல்பத்துல தொறந்து வைக்கிய ஆளுக்கு வண்டுக்கு ஒரு முள்ளு வைக்கவா தெரியாது?” என்றார். சிரித்தீர்கள். நான் எழுந்து, “நான் படத்தை நம்பினேன்,” என்றேன். மூன்றே சொல். நன்றாகத் தேர்ந்தெடுத்த சொற்கள். பொய் ஒன்றுகூட இல்லை.

தாசையன் கதவருகே எழுந்தார். கல்யாண வேலைக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டை.

“சார் நம்புனதுல தப்பில்ல. நான் கவனிக்காத நேரம் ஒரு பஸ்ஸு போயிருக்கும். மேசை குலுங்கி கால் அசைஞ்சிருக்கும். எனக்க தப்பாக்கும்.”

பஸ். படம் எடுத்த அன்று களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில்வரை ஒரு பஸ்கூட ஓடவில்லை. அந்த அரங்கத்தில் அது இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இன்னொருவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

அந்த வருடக் காலண்டரிலிருந்து அவருடைய படங்களை எடுத்துவிட்டீர்கள். அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். நான் அவரைப் பார்ப்பதை நிறுத்தினேன். இதை எப்படி விளக்குவது என்று எட்டு வருடமாகத் தெரியவில்லை. என்மேல் பழி சொல்லியிருந்தால் ஒரு வருடம் திட்டிவிட்டு மறுபடி மாடியேறிப் போயிருப்பேன். சண்டை எனக்குப் பழக்கம். என்னைக் கேட்காமல் என் தப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? அவர்மேல் எனக்கு அப்படி ஒரு வன்மம் இருந்தது. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. சுசீந்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என்முன் கேமராவோடு வந்து நின்று, “சாரே, சுகந்தானே? பாயசத்தை விட்டுராதிய,” என்றார். நான் இலையை மூடினேன். பாயசம் வருவதற்கு முன்பே.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லீலாபாய் அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை.

“சார் வருவாருன்னு சொல்லுவாரு.”

“எப்போது சொன்னார்?”

“பந்து வரும்போதெல்லாம். இன்னைக்கு பஸ்ஸில்ல, சார் வருவாரு, சாயா ஒரு கிளாஸ் கூடுதலாப் போடுன்னு. எட்டு வருசமா, பந்துன்னா ஒரு கிளாஸ் சாயா வாழைமூட்டுலயாக்கும் ஊத்துகேன்.”

 அக்கா உள்ளே போய் ஒரு தகர டப்பாவையும் கணினியிலிருந்து கழற்றிய ஒரு ஹார்ட் டிஸ்கையும் எடுத்துவந்தார். “இது ஒங்களுக்குள்ளது.” பிறகு தயங்கிக் கேட்டார்: “அடுத்த மாசம் சர்ச்சு ஹாலில அவருக்க படமெல்லாம் மாட்டலாம்னு சொல்லுதாங்க. டாக்டர் அந்த வண்டு வேண்டாம், பேரு கெடும்னு சொல்லுதாரு. அவரு அதுலதான் சார் ரொம்ப நாளு இருந்தாரு. வைக்கலாமா, வேண்டாமா?”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

பார்த்தேன். மூன்று நாள் வேறு எதையும் பார்க்கவில்லை. ‘கூன்வண்டு’ என்ற கோப்பில் தொண்ணூறு படங்கள் வரிசையாக இருக்கின்றன. நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்து மூன்று. கடைசியில் அவர் முடித்து வைத்த முழுப்படம். கால் அசைந்த பிறகு எடுத்தவற்றிலிருந்தே அந்தக் காலை எடுத்திருக்கிறார். மயிர் மயிராகப் பிசிறு நீக்கியிருக்கிறார். தொடையில் ஒரே முள். நான் வாழ்நாளில் பார்த்த வண்டுப் படங்களில் அதைவிட நேர்மையானது இல்லை. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் கால் ஏன் அசைந்தது என்ற கேள்வி மறுபடி வந்திருக்கும்.

நாற்பத்திரண்டாவது படம் தனியாக ஒரு கோப்பில் இருந்தது. கோப்பின் பெயர் ‘சார்’. வண்டு, அதன் பின்காலில் ஒரு தூரிகையின் நுனி, ஓரத்தில் ஒரு விரல். “ஒங்க கை பட்டுதா” என்று அவர் போனில் கேட்டபோது இது அவர்முன்னால் திரையில் திறந்திருந்தது.

பட்டது அண்ணே. கை பட்டது.

டாக்டர் அவர்களே, இரண்டு முள் படத்தை மாட்ட வேண்டாம் என்பதில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். ஒரு முள் படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். சர்ச் ஹாலில், வாசலுக்கு நேரே, பெரிதாக. லீலாபாய் அக்காவிடம் வைக்கலாம் என்று இன்று காலை போனில் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கே அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பவை அவருடைய புளியங்கொட்டை டப்பாவும், சாலையில் பஸ் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும். இரண்டாவதை விட்டுவிடப் பல முறை முயன்றேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட வந்துவிடுகிறது.

கீழே பெயர் போடுவதா என்று காலையிலிருந்து எழுந்தும் உட்கார்ந்தும் யோசித்தேன். போட்டால் நீங்கள் தாசையனை விட்டுவிட்டு என்னைப் பேசத் தொடங்குவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்கு அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினாலும் போர்த்துவீர்கள். அது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம், அதையும் எழுதிவிடுகிறேன். யார் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அது வேறு. குழுவின் பக்கத்தில் பெயரில்லாமலே இடுகிறேன்.

நாற்பத்திரண்டாவது படத்தையும் சேர்த்திருக்கிறேன். காலும் தூரிகை நுனியும் மிகத் தெளிவாக இருக்கின்றன. விரல் புகைந்துபோயிருக்கிறது. அதைத் தெளிவாக்க முடியாது. அது அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது.